பனி கம்மியா இருக்குன்னு சரிவுல இறங்காதீங்க

காட்பாடில ரயிலேறி காஷ்மீர் குல்மார்க், உத்தராகண்ட் கேதார்காந்தான்னு பனிமலைக்குக் கிளம்பற நம்மூரு பசங்க கேட்டா ஒரே மாதிரி சொல்றாங்க, "இந்த வருஷம் பனி கம்மிண்ணா, பனிச்சரிவு வராது"ன்னு. அங்கதான் மாட்டிக்கறாங்க. பனி கம்மியா இருந்தாதான் அடிப்பனி கெட்டுப்போகும்.

தரையை ஒட்டின பனி பூஜ்யம் டிகிரி கிட்ட இருக்கும், மேல காத்து மைனஸ் 15, நடுவுல பனி ஒரு முழம்தான்னு வைங்க, 10 செ.மீ.க்கு 1 டிகிரி வித்தியாசம் தாண்டினாலே ஆவி மேல ஏறி ஏறி அடிப்பனி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம மணி மணியா ஆயிடும். சித்திரை மாசம் பாலாத்து மணலை உருண்டை பிடிச்சுப் பாருங்க, நிக்குமா? அதேதான். அது மேல ராத்திரியெல்லாம் புதுப்பனி கொட்டினே இருந்துச்சுன்னாலோ, காத்து அந்தப் பக்கத்துப் பனியை வாரினு வந்து இந்தப் பக்கம் பலகை மாதிரி அடுக்கிடுச்சுன்னாலோ, மொத்தமும் சரிஞ்சு கிளம்ப ஒரு ஆள் வெயிட்டு போதும். ட்ரெக்கிங், ஸ்கீயிங்னு போய் பனிச்சரிவுல செத்தவங்கள்ல முக்காவாசிக்கு மேல அவங்களோ கூட வந்தவங்களோ மிதிச்சுக் கிளப்புன பனிச்சரிவுலதான் போயிருக்காங்க.

வீட்லயே பாக்கலாம். ட்ரேல துணி விரிச்சு மைதா, மேல சக்கரை, திரும்ப மைதா போட்டு அமுக்கி ஒரு பக்கம் மெதுவா தூக்குங்க (அம்மா இல்லாத நேரமா), சக்கரைக்கு மேல இருக்கற மைதா வழுக்கிட்டு வரும்.

அங்க போனா முதல்ல கோணம். 30லேந்து 45 டிகிரிதான் ஆளைத் தூக்கற சரிவு, போன்லயே அளக்கலாம், நீங்க நிக்கற இடம் சமமா இருந்தாலும் தலைக்கு மேல என்ன தொங்குதுன்னு பாருங்க. அப்புறம் பாதுகாப்பான ஓரமா தரை வரைக்கும் குழி வெட்டி சுவத்துல கை வைங்க, அடில சக்கரை மாதிரி கொட்டுச்சுன்னா திரும்பிடுங்க. குழி நல்லா இருந்தா பக்கத்து சரிவும் நல்லா இருக்கும்னு மட்டும் நெனைக்காதீங்க, பத்தடி தள்ளி வேற மாதிரி இருக்கலாம். காலடில "தொம்"னு அமுங்கற சத்தம், ஓடற விரிசல், பக்கத்துல புதுசா சரிஞ்ச தடம், இதுல ஒண்ணு இருந்தாலும் வந்த தடத்துலயே வெளிய வாங்க.

பீக்கன் (புதைஞ்சவன் எங்கன்னு சிக்னல்ல காட்டற கருவி), ப்ரோப் (பனில குத்திப் பாக்கற நீளக் கம்பி), ஷவல் (மண்வாரி) மூணும் ஒவ்வொருத்தர்கிட்டயும் வேணும், புதைஞ்சவனை 10, 15 நிமிஷத்துல எடுத்தாதான் உண்டு, அதுக்குள்ள கீழேந்து யாரும் வரமாட்டாங்க. டிஜிஆர்இ (டிஆர்டிஓவோட பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம்) எச்சரிக்கையை தினம் பாருங்க. நம்ம வேலூர் கம்மவான்பேட்டை பக்கம் காஷ்மீர்ல ட்யூட்டி பாத்த பட்டாளத்து மாமா யாராச்சும் இருந்தா ஒரு சாயங்காலம் போய் உக்காந்து கேட்டுட்டு அப்புறமா டிக்கெட் போடுங்க.