இருவாச்சியிடமிருந்து ஒரு மாயம்: காட்டுக் கதை எழுதத் தொடங்குபவர்களுக்கு

மாயம், குடும்பம், விலங்கு, காடு. இந்த நான்கையும் சேர்த்துக் குழந்தைகளுக்கு ஒரு கதை எழுத ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர். எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது ஒரு மந்திரக்கோல், ஒரு பேசும் சிங்கம், பெயரில்லாத ஓர் அடர்ந்த காடு. இரண்டாம் பக்கத்தில் கதை நின்றுவிடும். அந்த மாயத்துக்கும் அந்தக் காட்டுக்கும் சம்பந்தமே இல்லாததுதான் காரணம். காட்டை எடுத்துவிட்டு அரண்மனையை வைத்தாலும் அந்தக் கதை அப்படியே நடக்கும்.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான். மாயத்தைத் தனியாகக் கற்பனை செய்யாதீர்கள். ஒரு விலங்கோ பறவையோ நிஜமாக வாழும் வாழ்க்கையிலிருந்து எடுங்கள். ஆனைமலையையும் இருவாச்சிப் பறவையையும் வைத்து ஒரு கதையை இங்கே படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறேன். நீங்களும் கூடவே உங்கள் காட்டையும் உங்கள் விலங்கையும் நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

படி 1: எந்தக் காடு, எந்த மாதம்?

சங்கக் கவிதை மரபில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று உண்டு. முதலில் நிலமும் பொழுதும். அடுத்து அங்கே இருக்கும் மரம், விலங்கு, பறவை, மக்களின் தொழில். அதன்பின் மனித உணர்வு. கதை எழுதவும் இந்த வரிசை அருமையாகப் பொருந்தும்.

நம் கதைக்கு நிலம் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வந்து, 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டம், நடுநடுவே வெட்டாமல் விட்ட சோலைக்காட்டுத் துண்டுகள், அதைத் தாண்டி ஆனைமலைப் புலிகள் காப்பகம். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்துக்கே வரும். சாயங்காலம் ஆனால் தேயிலைச் சரிவில் காட்டுமாடு நிற்கும். யானை பக்கத்தில் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், செல்போனில் செய்தி வரும். இங்கே வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே வேலி என்று பெரிதாக எதுவும் கிடையாது. குடும்பக் கதையும் காட்டுக் கதையும் ஒன்றாக நடக்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

பொழுது, மார்ச் கடைசி. ஏன் மார்ச் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 2: ஒரே ஒரு உயிரைத் தேர்ந்தெடுத்து, முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். யானை, புலி, கரடி, மயில் என்று ஊர்வலம் விட வேண்டாம். ஓர் உயிர் போதும்.

பெரிய இருவாச்சி கேரளத்துக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் மாநிலப் பறவை. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் கொண்டை மாதிரி ஒரு புடைப்பு. ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெளிறிய கண். பறக்கும்போது இறகுகளின் நடுவே காற்று புகுந்து எழும் ஓசை வெகுதூரம் கேட்கும். பறவை கண்ணில் படும் முன்பே அது வருவது காதுக்குத் தெரிந்துவிடும்.

அதன் குடும்ப வாழ்க்கைதான் நமக்கு வேண்டியது. இருவாச்சியால் மரத்தில் பொந்து குடைய முடியாது. பழைய பெரிய மரங்களில் தானாக உண்டான பொந்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆண்டின் தொடக்க மாதங்களில் பெண் பறவை அந்தப் பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் வைத்து வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துவிடும். அலகு நுனி வரும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். உள்ளே முட்டையிட்டு அடைகாக்கும். பழைய சிறகுகளை உதிர்த்துப் புதுச் சிறகு வளர்த்துக்கொள்ளும். அத்தனை நாளும் சாப்பாடு ஆண் பறவை பொறுப்பு. காடெல்லாம் அலைந்து அத்திப் பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அந்தக் கீற்று வழியே ஊட்டும். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் தாய் சுவரை உடைத்து வெளியே வரும். குஞ்சு கீற்றை மட்டும் விட்டு வாசலை மறுபடி அடைத்துக்கொள்ளும். அப்புறம் இரண்டு பேரும் ஊட்டுவார்கள்.

ஆண் பறவையை யாராவது சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினியில் சாகக்கூடும். வேட்டை இந்தப் பறவையை இவ்வளவு பாதித்ததற்கு இது ஒரு காரணம்.

இதைப் படித்துவிட்டு மந்திரக்கோலை யார் தேடுவார்கள்? மார்ச் மாதத்தில் தாய் உள்ளே இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரமும் அதுதான். அதனால்தான் மார்ச்.

படி 3: அந்த வாழ்க்கையிலிருந்து மாயத்தின் விதிகளை எடுங்கள்

ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த உயிர் செய்வதில் எது ஏற்கெனவே மாயம் மாதிரி இருக்கிறது? இருவாச்சிக்கு அது சுவர். தாய் உடைத்த சுவரின் துண்டுகள் மரத்தடியில் விழும். பழுப்பு நிறம், கெட்டி, கையில் உரசினால் பழ விதை தட்டுப்படும். அந்தத் துண்டை எடுத்து ஊறவைத்து எந்த வாசலில் பூசினாலும் இருவாச்சியின் சுவர் எழும். இதுதான் நம் மாயம்.

விதிகளையும் பறவையிடமிருந்தே எடுக்கலாம்:

சுவரை உள்ளே இருப்பவர்தான் எழுப்ப முடியும், உள்ளே இருப்பவர்தான் உடைக்க முடியும். வெளியிலிருந்து கடப்பாரை போட்டாலும் அசையாது.

கீற்று வழியே முதலில் ஊட்டியவர் யாரோ, கடைசிவரை அவர் கையிலிருந்து மட்டும்தான் உணவு உள்ளே போகும்.

உள்ளே இருப்பவருக்குச் சிறகு முளைக்கும்வரை சுவர் உடையாது.

மூன்று போதும். நான்காவது விதியைச் சேர்க்கத் தோன்றினால், அது பறவையின் வாழ்க்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அப்புறம், வழியில் வசதிக்காக விதியை மீறாதீர்கள். எட்டு வயதுக் குழந்தை அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

படி 4: உள்ளே யார், வெளியே யார்?

குடும்பம் இங்கேதான் வருகிறது. அம்மா உள்ளே, மகள் வெளியே என்று வைக்கலாம். பாட்டி உள்ளே, பேரன் வெளியே என்றும் வைக்கலாம். நான் எடுத்துக்கொள்வது அக்காவும் தம்பியும்.

செல்விக்குப் பன்னிரண்டு வயது. தம்பியை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள், எட்டு வயது. அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருவார். தேர்வு முடிந்ததும் எல்லோரும் திருப்பூருக்கே போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. செல்விக்குப் போக மனமில்லை. போன வருடம் மரத்தடியில் பொறுக்கி வைத்திருந்த துண்டை எடுத்துக்கொண்டு, லைன் வீட்டின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பின்னறைக்குள் போய்ச் சுவர் எழுப்பிக்கொள்கிறாள். வெளியே நிற்பது, அவள் எந்த விளையாட்டிலும் சேர்த்துக்கொள்ளாத தம்பி. விவரம் புரியாமல் அவன் கீற்று வழியே ஒரு கொய்யாத் துண்டைத் தள்ளிவிடுகிறான். அவ்வளவுதான், இனி அக்காவின் சாப்பாடு அவன் பொறுப்பு.

இப்படி வைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. குடும்பத்தில் யாரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லையோ, அவரைத்தான் எல்லோரும் நம்பி இருக்க வேண்டியிருக்கிறது. பாசம் என்ற சொல்லை எழுதாமலே பாசத்தைக் காட்டலாம்.

கதையை யார் கண்ணால் சொல்வது? தம்பி கண்ணால். உள்ளே இருப்பவர் நகர முடியாது; வெளியே இருப்பவர்தான் ஓட வேண்டும், பயப்பட வேண்டும், காட்டுக்குள் போக வேண்டும். தொடங்குபவர்கள் எப்போதும் நகரும் ஆளின் பக்கம் நிற்பது நல்லது.

உணர்வு என்னவோ காத்திருத்தல். மலை குறிஞ்சி நிலம், காத்திருத்தல் முல்லைக்கு உரியது. இரண்டும் கலப்பதில் தவறில்லை. பழைய கவிதையே அப்படிக் கலந்திருக்கிறது.

படி 5: பறவை பேச வேண்டுமா?

இந்தக் கதையில் வேண்டாம் என்பேன். ஆண் இருவாச்சி எப்படி ஊட்டுகிறது என்று குட்டி பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பறவை வாய் திறந்து சொல்லிக்கொடுத்தால் அவன் பார்க்கவே தேவையில்லை. உங்கள் கதையில் விலங்கு பேசியே ஆக வேண்டும் என்றால், அந்த விலங்குக்குத் தெரிந்ததை மட்டும் பேசட்டும்: பழம், காற்று, மரம், பசி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காட்டுக் கதை என்றாலே மந்திரம் ஓதும் பழங்குடிக் கிழவர் ஒருவரைக் கொண்டுவரும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆனைமலையில் காடர் மக்கள் வாழ்கிறார்கள். கேரளப் பக்கம் வாழச்சால் காடுகளில் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காக்கும் வேலையைக் காடர்களே செய்கிறார்கள். உங்கள் கதையில் காடர் ஒருவர் வந்தால், கூடு இருக்கும் மரத்தை அறிந்தவராக, வேலை செய்பவராக வரட்டும். நாம் இட்டுக்கட்டிய மாயத்தை அவர்களுடைய நம்பிக்கை என்று எழுத நமக்கு உரிமை இல்லை.

படி 6: நிகழ்ச்சிகளை ஐந்தாறு வரியில் எழுதுங்கள்

வெள்ளி சாயங்காலம் சுவர் எழுகிறது. ராத்திரி அம்மா எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை அம்மா தரும் உணவு உள்ளே போகவில்லை, குட்டி தருவது போகிறது. அவன் சோலைக்குள் போய் ஆண் இருவாச்சியைக் கவனிக்கிறான். திரும்பும் வழியில் காட்டுமாடு மறிக்கிறது, நேரமாகிவிடுகிறது. ராத்திரி அப்பா வருகிறார், கடப்பாரை தோற்கிறது. ஞாயிற்றுக்கிழமை முடிவு. போதும், எழுதத் தொடங்கலாம்.

படி 7: கைக்குத் தட்டுப்படும்படி எழுதுங்கள்

பலர் எழுதும் முதல் பத்தி இப்படி இருக்கும்:

"அடர்ந்த காட்டின் நடுவே ஒரு மாயச் சுவர் இருந்தது. அது பல அதிசயங்களைச் செய்யும். குட்டி என்ற சிறுவன் அதைக் கண்டு மிகவும் ஆச்சரியப்பட்டான்."

இதில் பார்க்க எதுவும் இல்லை. அதே இடத்தை இப்படி எழுதலாம்:

"சுவரில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. குட்டி தோசையை இறுக்கமாகச் சுருட்டி உள்ளே தள்ளினான். பாதியில் பிய்ந்து அவன் காலடியில் விழுந்தது.

'தோசை வேணாம்டா. கிழங்கு இருக்கா?'

'அவிச்ச கிழங்கு இருக்குக்கா. நீளமா வெட்டித் தரேன்.'

'தண்ணி எப்படிடா குடுப்ப?'

குட்டி யோசித்தான். துண்டை நனைத்து, அதன் நுனியைத் திரித்துக் கீற்றுக்குள் விட்டான். உள்ளே யாரோ இழுத்தார்கள். பிழியும் சத்தம் கேட்டது."

மாயம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தோசை போகாது, கிழங்கு போகும், தண்ணீருக்குத் துண்டு வேண்டும். சின்னச் சின்னச் சிக்கலை நேர்மையாகத் தீர்க்கும்போது படிப்பவர்கள் சுவரை நம்பிவிடுகிறார்கள். குழந்தைகள் கட்டாயம் "அக்கா ஒண்ணுக்கு எங்கே போவா?" என்று கேட்பார்கள். அதனால்தான் சலதாரை உள்ள பின்னறையைத் தேர்ந்தெடுத்தேன். இருவாச்சித் தாயும் கீற்று வழியாகவே எச்சத்தை வெளியேற்றும் என்பதை அந்த இடத்தில் சொல்லலாம், சிரிப்பும் வரும்.

பேச்சை மட்டும் பேச்சுத் தமிழில் வையுங்கள். அக்கா தம்பியை டா போடுவாள். தம்பி "க்கா" சேர்க்காமல் பேசமாட்டான். அப்பாவிடம் இருவரும் வேறு மாதிரிப் பேசுவார்கள்.

படி 8: சுவர் எப்போது உடையும்?

மூன்றாவது விதியை இங்கே தீர்க்க வேண்டும். ஒரு சிறுமிக்குச் சிறகு என்றால் என்ன? முதுகில் நிஜமாகவே முளைக்க வைக்கலாம், ஆனால் அது இந்தக் கதைக்கு ஒட்டாது.

நான் எழுதும் முடிவு இது. ஞாயிறு மத்தியானம் குட்டி கிழங்கோடு வருகிறான். இரண்டு நாளாக அவன் கொண்டுவந்ததை வாங்கி வாங்கித் தின்ற செல்வி, முதல் தடவையாக, "நீ சாப்டியாடா?" என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்வதற்குள் சுவரில் விரிசல். அது ஏன் என்று கதையில் விளக்கம் எழுத வேண்டாம்.

திருப்பூர் போகிறார்களா? போகிறார்கள். மாயம் அப்பாவின் சம்பளத்தை மாற்றாது. மாயத்தால் வீட்டின் எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிட்டது என்று முடித்தால், அதே மாதிரி வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு நாம் பொய் சொன்னதாகிவிடும். குட்டி ஒரு சுவர்த் துண்டைப் பையில் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் அதை மரத்தடியிலேயே விட்டுவரச் செய்வேன்.

படி 9: திருத்துங்கள்

எழுதியதை இரண்டு நாள் விட்டுவிட்டு, ஒரு குழந்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். குழந்தை எங்கே வேறு பக்கம் பார்க்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலும் காட்டை வருணித்த இடமாகத்தான் இருக்கும், அதில் பாதியை வெட்டலாம். பறவையைப் பற்றிய தகவல் ஒவ்வொன்றையும் மறுபடி சரிபாருங்கள். மாயத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், இருவாச்சி என்ன தின்னும் என்பதில் முடியாது.

அடுத்த கதைக்கு வேறு உயிர் வேண்டுமா? யானைக் கூட்டத்தை மூத்த பெண் யானை நடத்தும்; ஆண் கன்றுகள் வளர்ந்ததும் கூட்டத்தைவிட்டுப் போய்விடும். செந்நாய்க் கூட்டத்தில் வேட்டைக்குப் போனவை, தின்ற இறைச்சியைக் குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும். ஒன்றை ஒன்று கூப்பிட விசிலடிக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, படி 3-இல் உள்ள கேள்வியைக் கேட்டு, மூன்று விதிகளை இன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள்.