பொந்துத் தேனீக் கூட்டத்தைப் பெட்டிக்கு வரவைப்பது எப்படி?

தேனீ வளர்க்கும் ஆசையில் மரப்பொந்தை வெட்டிக் கூட்டைப் பிடுங்கி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடை நொறுங்கும், புழுக்கள் சாகும், மிஞ்சிய தேனீக்களும் பெரும்பாலும் ஓடிப்போய்விடும். இந்தக் கொடுமை தேவையே இல்லை. கூட்டம் பெருத்து, அதில் ஒரு பகுதி புது இடம் தேடிப் பிரியும் பருவத்தில் நல்ல பெட்டி ஒன்று கண்ணில் பட்டால், தேனீக்கள் தாமாகவே குடிவரும்.

முதலில் எந்தத் தேனீ என்று தெரிந்துகொள்ளுங்கள். மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுபவை, பெட்டிக்குள் தங்காது. இருட்டான பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீதான் நமக்கு வேண்டியது. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியில் பெட்டிகளில் வளர்ப்பதும் இதைத்தான்.

பெட்டி

நன்றாகக் காய்ந்த பழைய பலகை போதும். உள்ளளவு 33 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் என்று அடித்தால் சுமார் 15 லிட்டர் இடம் கிடைக்கும். மேலே 3 செ.மீ. அகல மரச் சட்டங்கள் 11 குறுக்குவாக்கில் நெருக்கமாக வையுங்கள். இந்த அகலம் முக்கியம்; கூடினாலோ குறைந்தாலோ அடைகள் கோணலாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் நடுவில் நீளவாக்கில் தேன்மெழுகை உருக்கிக் கோடு போல ஊற்றினால் தேனீக்கள் அந்தக் கோட்டின் வழியே அடை கட்டும். வாசல், அடிப்பக்கம் 8 செ.மீ. நீளம், 8 மி.மீ. உயரத்தில் ஒன்றே ஒன்று. மற்ற இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம்.

வாசனை

வெறும் பெட்டியைவிடத் தேனீக்கள் முன்பு வாழ்ந்த வாசனை உள்ள பெட்டிக்குத்தான் மவுசு. உருக்கிய மெழுகை உட்சுவர்களில் தேயுங்கள். தேனீ வளர்ப்பவரிடம் நோயில்லாத பழைய அடைத் துண்டு கிடைத்தால் அதையும் தேய்க்கலாம். எலுமிச்சைப்புல் தைலம் வாசலுக்கு உள்ளே இரண்டு சொட்டு போதும். வழிதெரியாத தோழிகளை அழைக்க வேலைக்காரத் தேனீக்கள் விடும் மணத்தோடு அதற்கு ஒற்றுமை உண்டு. வெல்லப்பாகு, சர்க்கரைத் தண்ணீர் மட்டும் வைக்காதீர்கள். எறும்புதான் வரும்.

இடமும் காலமும்

நிழல், காற்று மறைவு, ஆள் நடமாட்டம் குறைவு. ஆள் உயரத்துக்கு மேலே, மரக்கிளையிலோ கூரை ஓரத்திலோ ஆடாமல் கட்டுங்கள். குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது தேன்வரத்து பெருகும். அதற்கு முன்பே, வடகிழக்குப் பருவமழை ஓயும் சமயத்தில், கூட்டங்கள் பெருத்துப் பிரியத் தொடங்கும். மழை முடிவதற்குள் பெட்டி மேலே இருக்கட்டும். உங்கள் ஊரில் எந்த மாதம் மரக்கிளையில் தேனீக்கூட்டம் தொங்கும் என்று பெரியவர்களைக் கேளுங்கள். அது எந்தப் புத்தகத்தையும்விட நம்பகமானது. முடிந்தால் இரண்டு மூன்று பெட்டிகளை வெவ்வேறு இடத்தில் வையுங்கள்.

வருகை

சில தேனீக்கள் வாசலில் நுழைந்து நுழைந்து வெளியே வந்தால், அவை இடம் பார்க்க வந்தவை. அப்போது பெட்டியைத் தொடவே கூடாது. கூட்டம் வந்தால் இரைச்சலோடு வரும். தள்ளி நின்று பாருங்கள். கொட்டினால் மூச்சுத்திணறும் அளவுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

அப்புறம்தான் பொறுமை. இந்தத் தேனீ கொஞ்சம் தொந்தரவு என்றாலும் கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். திறந்து பார்க்காமல், கால்களில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் தொடர்ந்து உள்ளே போகின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். அப்படியென்றால் அநேகமாகப் புழு வளர்ப்பு தொடங்கிவிட்டது, கூட்டம் தங்கும். நிரந்தர இடத்துக்கு மாற்றுவதானால், இருட்டிய பிறகு வாசலை வலையால் மூடி, குலுங்காமல் தூக்குங்கள். பெட்டியை வைக்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பூ இல்லாத நாட்களில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து, மாலையில், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். முதல் பருவத்துத் தேனை எடுக்காதீர்கள், அது அவற்றுக்கே வேண்டும்.