விளையாட்டின் படம், ஒலி எல்லாவற்றையும் ஒரே ஜிப்பில் போட்டுப் பூட்டுவது எப்படி

பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் பைகேமில் சின்னதாக ஒன்று எழுதி, பைத்தான் புரோகிராமைக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலர் வைத்து ஒரே எக்ஸி கோப்பாகக் கட்டி நண்பனிடம் கொடுத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கடைசி லெவலில் வரும் பூதத்தின் படத்தை எனக்கே அனுப்பி "இதானே கடைசில வரும்?" என்கிறான். அவன் இரண்டாவது லெவலையே தாண்டவில்லை! ஒரே எக்ஸி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, ஓடத் தொடங்கியதும் டெம்ப் ஃபோல்டருக்குள் தனக்கென ஒரு தற்காலிக ஃபோல்டர் போட்டு, நாம் உள்ளே வைத்த படம், ஒலி எல்லாவற்றையும் பிரித்துக் கடை பரப்பிவிடுகிறது. அங்கே போய்ப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

அதற்கு நான் செய்த வழிதான் இது. பைத்தானும், அதற்கு மாட்யூல்களை நிறுவித் தரும் பிப்பும் கணினியில் இருக்கின்றன, விளையாட்டும் ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். கோட் வரிகளை ஒட்டுவதற்குப் பதில் எந்த வரியில் என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்வது போலவே சொல்கிறேன், நீங்களே தட்டினால் மனதில் நிற்கும்.

முதல் படி: கட்டுவதற்கு முன்

படம், ஒலி, லெவல் கோப்புகள் எல்லாம் டேட்டா என்ற ஒரே ஃபோல்டருக்குள் இருக்கட்டும். அப்புறம், புரோகிராமில் எங்கெல்லாம் கோப்பைத் திறக்கிறீர்களோ அதையெல்லாம் ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகும்படி மாற்றுங்கள். பெயரைக் கொடுத்தால் அந்தக் கோப்பின் பைட்டுகளைத் திருப்பித் தர வேண்டும், வேறு எதுவும் அது செய்ய வேண்டாம். இப்போதைக்கு அது ஃபோல்டரிலிருந்தே படிக்கட்டும். இதை முதலில் செய்யாமல் நேராக ஜிப்புக்குப் போனால் முப்பது இடத்தில் திருத்திக்கொண்டு உட்கார வேண்டிவரும்.

இரண்டாம் படி: பூட்டிக் கட்டுவது

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான், அதுவும் இரண்டு முறை.

பைத்தானோடு கூடவே வரும் ஜிப்ஃபைல் மாட்யூலில் பாஸ்வேர்டு வைக்க செட்பாஸ்வேர்டு என்று ஒன்று இருக்கிறது. பார்த்ததும் சந்தோஷமாக அதைக் கூப்பிட்டுவிட்டுக் கோப்புகளை எழுதினேன். எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. ஜிப்பை இரண்டு முறை கிளிக் செய்தால் பூதம் பல்லைக் காட்டிக்கொண்டு திறக்கிறது. அந்த பாஸ்வேர்டு படிப்பதற்கு மட்டும்தான், எழுதும்போது பூட்டுகிற வசதியே அந்த மாட்யூலில் கிடையாது. ஆனால் அதை அது நம்மிடம் சொல்வதும் கிடையாது.

சரி, கட்டுவதை 7-ஜிப்பில் கையால் செய்துவிடலாம் என்று போனேன். ஃபார்மட் ஜிப், என்க்ரிப்ஷன் (பூட்டும் முறை) ஏஇஎஸ்-256, பாஸ்வேர்டு கொடுத்தாயிற்று, இப்போது கேட்கவும் செய்கிறது. பைத்தானில் திறந்தால் "அந்த கம்ப்ரஷன் முறைக்கு ஆதரவு இல்லை" என்று ஒரு எர்ரர். கம்ப்ரஷன் என்கிறதே என்று ஜிப்பின் வழக்கமான சுருக்கும் முறையான டிஃப்ளேட் மாற்றிப் பார்த்தேன், சுருக்கவே வேண்டாம் என்று ஸ்டோர் வைத்தும் பார்த்தேன், ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. குற்றம் கம்ப்ரஷன் மேல் இல்லவே இல்லை. ஏஇஎஸ் போட்டுப் பூட்டிய ஜிப்பில், கம்ப்ரஷன் எண் இருக்க வேண்டிய இடத்தில் 99 என்று எழுதி, உண்மையான எண்ணை வேறிடத்தில் வைத்திருப்பார்கள். பைத்தானின் மாட்யூல் அந்த 99ஐப் பார்த்து, தெரியாத கம்ப்ரஷன் என்று புலம்புகிறது. இந்த எர்ரர் வந்தால் கம்ப்ரஷன் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

தீர்வு, ஏஇஎஸ் ஜிப்பை எழுதவும் படிக்கவும் தெரிந்த பைஜிப்பர் என்ற மாட்யூல். பிப்பில் நிறுவிக்கொண்டு, அதிலுள்ள ஏஇஎஸ் ஜிப்ஃபைல் கிளாஸை எழுதும் முறையில் திறங்கள். என்க்ரிப்ஷன் என்ற இடத்தில் டபிள்யூஇசட் ஏஇஎஸ் என்ற மாறிலியைக் கொடுங்கள், அப்புறம் செட்பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை வெறும் ஸ்ட்ரிங்காகக் கொடுக்காமல் பைட்டுகளாகக் கொடுக்க வேண்டும். தமிழில் பாஸ்வேர்டு வைக்க ஆசை இருந்தால் மேற்கோள் குறிக்கு முன்னால் பி (b) போட்டு எழுதும் வித்தை செல்லாது, யூடிஎஃப்-8ஆக என்கோட் செய்துதான் ஆக வேண்டும். பிறகு டேட்டா ஃபோல்டரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கோப்பையும் எழுதுங்கள். பிஎன்ஜியும் ஓஜிஜியும் ஏற்கெனவே சுருங்கியவை, மறுபடி அழுத்தினால் பெரிதாக ஒன்றும் குறையாது, ஸ்டோர் போதும்.

கட்டி முடித்ததும் 7-ஜிப்பில் திறந்து, பாஸ்வேர்டு கேட்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். சூடுபட்டவன் சொல்கிறேன்.

"ஜிப்பின் பழைய பூட்டுமுறையான ஜிப்கிரிப்டோ போட்டால் பைத்தானே படிக்குமே, எதற்கு இன்னொரு மாட்யூல்?" என்று தோன்றலாம். படிக்கும், ஆனால் மெதுவாக. அதைவிடப் பெரிய சிக்கல், 1994லேயே எலி பிஹாமும் பால் கோச்சரும் அந்த முறையை உடைத்துக் காட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பதில் கொஞ்சம் முன்பே தெரிந்தால் போதும், பாஸ்வேர்டே தேவையில்லை. இன்று அதற்கென இருக்கும் கருவிக்கு 12 பைட்டுகள் போதும். எந்த பிஎன்ஜி படத்தை எடுத்தாலும் முதல் 16 பைட்டுகள் ஒன்றேதான்! அதாவது ஸ்டோர் செய்து ஜிப்கிரிப்டோவில் பூட்டிய பிஎன்ஜி, சாவியைத் தானே நீட்டுகிறது.

மூன்றாம் படி: புரோகிராமில் படிப்பது

முதல் படியில் எழுதிய ஃபங்ஷனை மட்டும் மாற்றினால் போதும். ஜிப்பை விளையாட்டு தொடங்கும்போது ஒரே தடவை திறந்து வைத்துக்கொண்டு, கேட்கும் பெயரை அதிலிருந்து படித்துத் தரட்டும். பைகேமுக்குக் கொடுக்கும்போது பைட்டுகளை, அவற்றைக் கோப்பு போலக் காட்டும் பைட்ஸ்ஐஓவில் சுற்றிக் கொடுங்கள், படமாக இருந்தால் கோப்பின் பெயரையும் இரண்டாவதாகக் கொடுங்கள், எந்த வகைப் படம் என்று அது புரிந்துகொள்ள. பைஇன்ஸ்டாலரில் இனி ஃபோல்டரைச் சேர்க்காமல் இந்த ஜிப்பை மட்டும் சேர்த்தால் சரி.

"ஆர்க்கைவில் அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வந்தால் அநேகமாக எழுத்துப் பிழைதான். விண்டோஸ் ஃபோல்டரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எப்படி எழுதினாலும் திறக்கும், ஜிப்புக்குள் அந்தச் சலுகை கிடையாது. விண்டோஸில் பாதையை ஓஎஸ் மாட்யூலால் ஒட்டினால் பின்சாய்ந்த கோடு வரும், ஜிப்புக்குள் இருப்பது முன்சாய்ந்த கோடு. எழுதும்போது மாட்யூலே மாற்றிக்கொள்கிறது, படிக்கும்போது மாற்றுவதில்லை.

இது எவ்வளவு தாங்கும்?

பாஸ்வேர்டு உங்கள் புரோகிராமுக்குள்தான் இருக்கிறது. பூட்டிவிட்டுச் சாவியை நிலையிலேயே மாட்டிவைத்த கதைதான். எக்ஸியைப் பிரிக்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார், நான்கு துண்டாக வெட்டி ஒளித்தால் பத்து நிமிடம் கூடுதலாகும். பைஇன்ஸ்டாலரிலேயே கோட் வரிகளைப் பூட்ட ஒரு வசதி இருந்தது, 6.0 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். என் நண்பனைப் போல எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இது போதும். சர்வர் சாவி, அடுத்தவர் விவரங்கள் இதையெல்லாம் இதற்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

இன்னொன்று, ஜிப்பில் பூட்டுவது உள்ளடக்கம் மட்டும்தான், கோப்புப் பெயர்கள் யார் கண்ணுக்கும் தெரியும். "கடைசி_பூதம்" என்று பெயர் வைத்துவிட்டுப் பூட்டி என்ன பயன்? நான் எண்களாக மாற்றிவிட்டேன். 7இசட் ஃபார்மட்டில் பெயரையும் மறைக்கலாம், ஆனால் அது வழக்கமாகக் கோப்புகளைச் சேர்த்து ஒரே கட்டியாகச் சுருக்குவதால், ஒரே ஒரு படம் வேண்டுமென்றாலும் அதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும். விளையாட்டுக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர், தமிழ்ப் பெயர் வைத்த சில கோப்புகள் மட்டும் கிடைக்கவில்லை, மற்றவை வருகின்றன என்று எழுதியிருந்தார். அவர் பட்டியலைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒகர, ஓகார எழுத்துகள். "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே எழுத்தெண்ணாக வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஜிப்புக்கு வேறு வேறு. கட்டும்போதும் படிக்கும்போதும் பெயரை யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வழியாக, ஒரே எழுத்தெண்ணாகச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றச் சொன்னேன், எல்லாம் வந்துவிட்டதாம்.