சூடான அமிலக் கரைசலில் கதிர்வீச்சுச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபெரஸ் (இரண்டு நேர் மின்னூட்டமுள்ள இரும்பு அயனி) கலந்த கந்தக அமிலக் கரைசலை 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, கோபால்ட்-60 காமா கதிரில் வைக்கும் சோதனைகளில் பெரும்பாலான பிழைகளுக்கு வேர் ஒன்றுதான்: 25 டிகிரிக்கான எண்களைச் சூட்டிலும் அப்படியே போடுவது.

டோஸிலிருந்து, அதாவது கரைசல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவிலிருந்து, தொடங்குவோம். ஃபெரஸ் கதிர் பட்டு ஃபெரிக்காக (மூன்று நேர் மின்னூட்டமுள்ள இரும்பு அயனியாக) மாறும் அளவை வைத்து டோஸைக் காட்டும் ஃப்ரிக்கி கரைசலை (0.4 மோலார் கந்தக அமிலம், ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டும் சோடியம் குளோரைடும் தலா 1 மில்லிமோலார்) சூடான நிலையில் டோஸ் அளக்கப் பயன்படுத்தக் கூடாது. 100 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு சுமார் 15.5 ஃபெரிக் அயனி என்பது அறை வெப்பநிலைக்கான விளைச்சல். சூட்டில் கதிரே படாவிட்டாலும் ஆக்சிஜன் ஃபெரஸை ஃபெரிக்காக மாற்றிவிடும். ஆகவே அதே ஆட்டோக்ளேவ் (அழுத்தம் தாங்கும் மூடிய கலம்), கரைசல் வைக்கும் அதே குழாய், அதே இடம். சூடு மட்டும் இல்லாமல் டோஸ் வீதத்தை அளந்துகொள்ளுங்கள்.

அந்த அளவீட்டிலும் 400 கிரேயை (கிரே என்பது டோஸின் அலகு) தாண்டாதீர்கள். ஆக்சிஜன் இருக்கும்வரை கதிர் தண்ணீரைச் சிதைத்து உருவாக்கும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் மூன்று ஃபெரஸ் அயனிகளை ஆக்சிஜனேற்றும். ஆக்சிஜன் தீர்ந்ததும் ஒன்றைத்தான். விளைச்சல் 8.2-க்கு இறங்கிவிடும். டோஸ் வீதம் குறைந்தது போலத் தோன்றும், ஆனால் கதிர் மூலத்தில் எந்த மாற்றமும் இருக்காது.

ஃபெரிக் அயனி ஒளியை உறிஞ்சும் 304 நானோமீட்டரில், 1 செ.மீ. செல்லில் (ஒளியைக் கடத்தி அளக்கும் சிறு பாத்திரம்), 25 டிகிரியில் உறிஞ்சல் உயர்வை சுமார் 277-ஆல் பெருக்கினால் டோஸ் கிரேயில் கிடைக்கும். உறிஞ்சல் டிகிரிக்கு 0.7 சதவீதம் ஏறும். ஏசி ஓடாத அறையில் 32 டிகிரியில் அளந்தால் 5 சதவீதப் பிழை.

அடுத்து, குழாயை நிரப்பும் அளவு. தண்ணீரின் அடர்த்தி 250 டிகிரியில் மில்லிலிட்டருக்கு 0.80 கிராம்; கன அளவு கால் பங்கு கூடும். முழுக்க நிரப்பி மூடிய குவார்ட்ஸ் குழாய் வெடித்துவிடும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். உள்ளே சுமார் 40 பார் அழுத்தம் ஏறும் என்பதால், ஆட்டோக்ளேவில் குழாயைச் சுற்றியும் தண்ணீர் இருக்கட்டும். இரு பக்க அழுத்தமும் சமப்படும். 1 மில்லிமோலார் என்று எழுதி வைத்த கரைசல் அந்தச் சூட்டில் 0.8 மில்லிமோலார்தான். வேகக் கணக்கில் இதை மறப்பவர்கள் அதிகம்.

பிஎச் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 0.5 மில்லிமோலார் கந்தக அமிலம் 25 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு புரோட்டான்களையும் விடும். பிஎச் 3-ஐ ஒட்டி இருக்கும். 250 டிகிரியில் பைசல்ஃபேட் (ஒரு புரோட்டானை மட்டும் விட்ட அயனி) பிரிவதே அரிது, புரோட்டான் ஏறக்குறைய பாதியாகிவிடும். கதிரால் விடுபட்டு தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்த எலக்ட்ரானை (நீரேறிய எலக்ட்ரான்) ஹைட்ரஜன் அணுவாக மாற்றுவது புரோட்டான்தான். அது குறைந்ததைக் கணக்கில் சேர்க்காமல் கணக்கீட்டு மாதிரியை ஓட்டினால், பொருந்தாத வளைவுக்கு வேகமாறிலியை (வினையின் வேகத்தைக் குறிக்கும் எண்ணை) குறை சொல்ல நேரும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுவரைக் கரைசல் தொடவே கூடாது. சூடான கந்தக அமிலம் அதை அரித்து இரும்பை இறக்கும். நாம் அளப்பதும் இரும்பைத்தான். சாதாரணக் கண்ணாடி காமா கதிரில் பழுப்பாகிவிடும், அதனால் உறிஞ்சலைக் குழாயோடு அளக்காமல் தனி செல்லுக்கு மாற்றி அளக்கவும்.

பிளாங்க் (ஒப்பிட்டுக் கழிக்க வைக்கும் கரைசல்) என்பது மேசையில் இருந்த கரைசல் அல்ல. அதே நேரம் சூடேறி, அதே நேரம் நின்று, அதே வேகத்தில் ஆறிய, கதிர் படாத குழாய். ஆறியபின் சுவரில் பழுப்பு நிறப் படிவு தெரிந்தால் ஃபெரிக் நீராற்பகுப்படைந்து வெளியேறிவிட்டது என்று பொருள். வடிகட்டிவிட்டு அளந்தாலும் எண் குறைவாகவே வரும். அந்தக் குழாயை விட்டுவிடுங்கள்.