நாய்க்கு ஒரு கால் எடுத்தாச்சுன்னா வீட்டுல என்னெல்லாம் பாக்கணும்

எங்க குட்டனுக்கு மார்த்தாண்டம் ரோட்டுல டெம்போ தட்டி இடது பின்னங்கால் எலும்பு நொறுங்கிட்டு, காலை எடுக்கதத் தவிர வேற வழியில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபரேஷன் முடிஞ்சு தூக்கிட்டு வந்த அன்னைக்கு எங்க அம்மா ஒருவாய் கஞ்சி குடிக்கல. இதே நெலமையில இப்ப யாராவது இருந்தா உங்களுக்காகத்தான் இத எழுதுதேன். நமக்கு இருக்க மாதிரி கால் போன வருத்தம் அதுக்கு கெடையாது, அதுக்கு இருக்கது வலியும் வழுக்கலும்தான். அது ரெண்டையும் பாத்துக்கிட்டீங்கன்னா போதும், அநேகம் நாய் மறுநாளே எந்திரிச்சு நிக்கப் பாக்கும்.

மொதல்ல தரை. நம்ம ஊர்ல இப்ப எல்லா வீட்டுலயும் டைல்ஸ், இல்லன்னா கிரானைட். நாலு கால் நாயே அதுல சறுக்கும், மூணு கால்ல நிக்கப் பழகுத நாய் ஒரு தடவ வழுக்கி தையல் மேல விழுந்தா தையலும் பிரியும், அதுக்குப் பொறவு நடக்கவே பயப்படும். அதனால ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வர்றதுக்கு முந்தியே அது படுக்க இடத்துல இருந்து தண்ணிப் பாத்திரம் வரைக்கும், அங்கேருந்து வாசல் வரைக்கும் ஒரு வழி போட்டு வச்சிருங்க. சும்மா சாக்க விரிச்சா அதுவே வழுக்கும். அடியில ரப்பர் ஒட்டுன கால்மிதி, யோகா மேட், பழைய கயிறு பாய் எதுவா இருந்தாலும் சரி, ஓரத்துல டேப் போட்டு ஒட்டிருங்க. நாங்க ஹாலு முழுக்க போட்டோம், வந்தவங்க எல்லாம் கேட்டாங்க, கேட்டுட்டுப் போட்டும். நடையில படி இருந்தா ஒரு பலகைய சாய்ச்சு வச்சு அது மேலயும் மேட் ஒட்டுங்க.

வெளியில கொண்டு போவ பெரிய தோர்த்து (துண்டு) ஒண்ணு எடுத்துக்கிடுங்க. பின்னங்கால் எடுத்த நாய்னா இடுப்புக்கு முன்னால வயித்துக்கு அடியில தோர்த்த விட்டு ரெண்டு முனையையும் மேல சேத்துப் பிடிக்கணும், ஆண் நாயா இருந்தா ஒண்ணுக்கு போறத மறைக்காம பாத்துக்கிடணும். முன்னங்கால்னா நெஞ்சுக்கு அடியில, ஆனா தையல் அந்தப் பக்கம்தான் வரும்கிறதால தோர்த்து அதுல உரசாம பிடிங்க. அத அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க, விழப் போனா மட்டும் தாங்குனா போதும், பேலன்ஸ அதுதான் கண்டுபிடிக்கணும். நாயோட எடையில சுமார் 60 சதவீதம் முன்னங்கால்லதான் நிக்கும், அதனால முன்னங்கால் போன நாய்க்கு பழக கொஞ்சம் கூட நாளாவும். அதுக்கு சாப்பாட்டுப் பாத்திரத்த ஒரு ஸ்டூல் மேல உயரமா வச்சிருங்க.

தையல் பிரிக்க 10ல இருந்து 14 நாள் ஆகும், அதுவரைக்கும் ஓட்டம், மாடிப்படி, சோபால சாடுறது எதுவும் கூடாது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு போறதுக்கும் கயிறு போட்டுத்தான். கழுத்துல மாட்டுற கோனக் கழத்தாதீங்க. பாவமா பாக்குதேன்னு நாங்க ஒரு ராத்திரி கழத்திட்டோம், விடியுததுக்குள்ள ரெண்டு தையல நக்கி அவுத்துட்டு, திரும்ப ஆஸ்பத்திரி, திரும்ப ஊசி. அந்த ஒரு ராத்திரிய நெனச்சா இப்பவும் மனசு கெடந்து அடிக்கும். தையலச் சுத்தி கருநீலமா இருக்கதும் கொஞ்சம் வீங்குததும் மொத சில நாள் உள்ளதுதான். சீழ், நாத்தம், ரத்தம் நிக்காம வருது, ஈறு வெளுத்துப் போச்சு, காய்ச்சல் 103 டிகிரிக்கு மேல போவுதுன்னா உடனே கொண்டு போங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தென்மேற்கு மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, ஈரத்துல ஈ ஒக்காந்துச்சுன்னா புண்ணுல புழு வச்சிரும், அதனால வீட்டுக்குள்ள காஞ்ச இடத்துல ஃபேன் காத்துல போடுங்க. மஞ்சள், கற்பூரம், பினாயில்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, எதையும் தையல்ல வைக்காதீங்க.

வலி மாத்திரைய நேரம் தவறாம குடுங்க, அழுதா பாத்துக் குடுக்கலாம்னு இருக்காதீங்க, வலி ஏறிட்டுன்னா இறக்குறது கஷ்டம். நம்ம வீட்டுல இருக்க பாரசிட்டமால், ஐபுப்ரூஃபன் எல்லாம் நாமளா குடுத்தா அது உசுருக்கே ஆபத்து. குட்டன் நாலாம் நாளு ராத்திரி நல்லா தூங்கிட்டு இருந்தவன் கத்திக்கிட்டு எந்திரிச்சு இல்லாத கால திரும்பித் திரும்பிப் பாத்தான். கால் போனாலும் அந்த நரம்புல வலி தோணும், மனுஷங்களுக்கும் இது உண்டு. டாக்டர்ட்ட சொன்னதும் கேபபென்டின்னு நரம்பு வலிக்கு உள்ள மாத்திரை எழுதிக் குடுத்தாரு, அதுக்குப் பொறவு தூங்குனான். உங்க நாயும் திடீர்னு இப்படி கத்துனாலோ தையல் பக்கத்தக் கடிக்கப் போனாலோ சும்மா பயந்துட்டுன்னு விட்டுராதீங்க, டாக்டர்ட்ட சொல்லுங்க. அந்த மாத்திரைய நீங்களா சட்டுன்னு நிறுத்தவும் கூடாது.

மொத ஒண்ணு ரெண்டு நாள் சரியா தின்னாது, ரெண்டுக்கும் மூணு நாலு நாள் போகாம இருக்கலாம், மயக்க மருந்தும் வலி மருந்தும் குடுத்ததுனால அது. குழைஞ்ச சோறு, எலும்பில்லாத கோழி, வேகவச்ச பூசணிக்கா குடுங்க. மீன் கொழம்பு ஊத்தாதீங்க, அதுல இருக்க உள்ளி (வெங்காயம்) நாய்க்கு ஆகாது.

தையல் பிரிச்ச பொறவு தினமும் அஞ்சு நிமிஷம் ரெண்டு நேரம் நடக்க வச்சு கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. கடற்கரை மணல் கால் பொதையுறதால சீக்கிரம் சோந்துரும், அத பொறவு பாத்துக்கிடலாம். எடை மட்டும் ஏறவே கூடாது, மூணு கால்தான் அத்தனையும் தாங்கணும், அதனால பாவம்னு நெனச்சு பிஸ்கட்டா போடாதீங்க. நகம் வளர்ந்தா வழுக்கும், மாசத்துக்கு ஒருக்கா வெட்டுங்க.

பின்னங்கால் போன பக்கத்துக் காதையும் பாத்துக்கிடுங்க. அந்தப் பக்கம் சொறிய அதுக்கு வழியில்ல, உண்ணி ஏறினாலும் தெரியாது. குட்டன் தலைய சாய்ச்சுக்கிட்டு இடுப்பு மட்டும் ஆடும், அப்ப எங்க வீட்டுல யாராவது ஒருத்தர் போய் இடது காதச் சொறிஞ்சு விட்டுட்டு உள்ள விரல விட்டு உண்ணி இருக்கான்னு பாத்துருவோம்.