நாயோடு கடற்கரைக்கு: விதிகளைப் படிப்பது எப்படி, மாற்று இடம் தேடுவது எப்படி?

"அந்த பீச்சில் நாயை விடுவார்களா?" புதிதாக நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் இதற்குப் பதில் கிடைப்பது அபூர்வம். ஒரே கடற்கரையில் ஒரு பக்கம் விடுவார்கள், மறுபக்கம் விடமாட்டார்கள். காலை ஆறு மணிக்கு யாரும் ஒன்றும் சொல்லாத இடத்தில் பத்து மணிக்கு அபராதம் போடுவார்கள். அதனால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்கப் பழக வேண்டும்.

படி 1: அந்த மணல் யார் பொறுப்பில் இருக்கிறது?

பார்ப்பதற்கு ஒரே மணல்வெளிதான். ஆனால் ஒரு பகுதி உள்ளாட்சியிடம் இருக்கும், அதை ஒட்டிய பகுதி வனத்துறையிடமோ சரணாலய நிர்வாகத்திடமோ இருக்கும், இன்னொரு துண்டு தனியார் விடுதிக்குச் சொந்தமாக இருக்கும். ஆளுக்கொரு விதி. எனவே பயணக் குறிப்புகளில் "நாய்களுக்கு ஏற்ற இடம்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். பொறுப்பில் இருக்கும் அமைப்பின் தளத்துக்கே போய், அந்தப் பக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்றும் பாருங்கள். கடற்கரையில் நீலக்கொடி (தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேசச் சான்றிதழின் அடையாளம்) பறந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு, வளர்ப்புப் பிராணிகள் வருவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. குளிக்கும் பகுதிக்குள் நாயை விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு, கொடியின் எல்லை எங்கே முடிகிறது என்று விசாரியுங்கள்.

போனில் கேட்பதானால் இப்படிக் கேளுங்கள்: "இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, கயிற்றில் பிடித்தபடி நாயோடு எந்த நுழைவாயிலில் இருந்து எதுவரை நடக்கலாம்?" பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

படி 2: விதியை நான்காகப் பிரித்துப் படியுங்கள்

எந்தப் பகுதி, எந்த மாதங்கள், எந்த நேரம், கயிறு உண்டா இல்லையா. எவ்வளவு நீளமான அறிவிப்பாக இருந்தாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

மாதக் கட்டுப்பாடு பெரும்பாலும் குளிக்க வரும் கூட்டத்தையோ, பறவைகளும் ஆமைகளும் முட்டையிடும் காலத்தையோ ஒட்டி வரும். பிரிட்டனில் பல கடற்கரைகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நாய்களுக்குத் தடை. மற்ற மாதங்களில் அதே மணலில் தாராளமாக நடக்கலாம். தடை நாள் முழுக்க இல்லாத இடங்களில் அதிகாலையும் மாலையும் திறந்திருக்கும். பகல் சூட்டில் நாய் படும் பாட்டைப் பார்த்தால், அந்த நேரங்கள்தான் அதற்கும் நல்லது.

"கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதைக் கயிறு தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும், கூப்பிட்டதும் வர வேண்டும் என்பதுதான் பொருள். உங்கள் நாய் வீட்டுக்குள் கூப்பிட்டால் வரும், சரி. எதிரே இன்னொரு நாய் ஓடும்போது வருமா? சந்தேகம் இருந்தால் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். கயிற்றின் நீளத்துக்கும் சில இடங்களில் வரம்பு உண்டு. இழுக்க இழுக்க நீளும் வகையை அங்கே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள் போன்ற உதவி நாய்களுக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. இது வீட்டு நாய்க்குப் பொருந்தாது.

படி 3: தடை எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். காரணம் தெரிந்தால், பலகை இல்லாத இடத்திலும் எங்கே கால் வைக்கக் கூடாது என்று நமக்கே தெரிந்துவிடும்.

உப்புக்கொத்தி, ஆலா போன்ற பறவைகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. மணலில் சின்னப் பள்ளம் பறித்து அதிலேயே முட்டையிடும். முட்டையின் நிறமும் புள்ளிகளும் மணலோடும் சிப்பித் துண்டுகளோடும் அப்படியே கலந்துவிடும். நின்று உற்றுப் பார்த்தாலும் தெரியாது. நாய் அதை மிதிக்கவோ தின்னவோ வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்தில் வந்தாலே தாய்ப்பறவை பதறி எழுந்துவிடும். அது விலகியிருக்கும் நேரத்தில் முட்டை வெயிலில் வெந்து போகலாம், காக்கை கொத்திப் போகலாம். ஒரு பறவை இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டுவதுபோல உங்கள் முன்னால் ஓடினால் அது அடிபட்ட பறவை என்று நினைத்துக் கிட்டே போகாதீர்கள். முட்டையிடம் இருந்து உங்களைத் திசைதிருப்பத்தான் அப்படிச் செய்கிறது. நாயைக் கயிற்றில் பிடித்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கடலாமை முட்டைகள் மணலுக்குள் ஏறத்தாழ இரண்டு மாதம் கிடக்கும். மோப்பம் பிடித்துத் தோண்டுவது நாய்க்குச் சிரமமே இல்லை.

கடல் நீர் கடைசியாக எட்டிய இடத்தில் காய்ந்த பாசியும் சிப்பியும் குச்சியும் வரிசையாக ஒதுங்கியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டுக்கு மேலே, உலர்ந்த மணலிலும் மணல்மேட்டிலும்தான் இந்த முட்டைகள் இருக்கும். எனவே கோட்டுக்குக் கீழே ஈர மணலில் நடப்பதே எப்போதும் நல்லது. சில இடங்களில் விதியே அதுதான். ஆனால் கடல் ஏறும் நேரத்தில் அந்த ஈர மணல் பட்டை காணாமல் போய்விடும். கிளம்பும் முன் அன்றைய கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: மாற்று இடத்தை வீட்டிலிருந்தே தேடி வையுங்கள்

நாய்க்கு வேண்டியது முகர்ந்து பார்க்கப் புது வாசனை, ஓட இடம், கால் நனைக்கத் தண்ணீர். இவை கடலில்தான் கிடைக்க வேண்டும் என்பதில்லை. வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, கடற்கரையில் இருந்து உள்பக்கமாகப் பாருங்கள். ஆற்றங்கரைப் பாதை, ஏரிக்கரை, தோப்பு, வேலி போட்ட நாய்ப் பூங்கா என்று ஏதாவது ஒன்று இருக்கும். கழிமுகத்துச் சேற்றுவெளியை மட்டும் விட்டுவிடுங்கள். அது பறவைகள் இரை தேடும் இடம், கால் புதையும் ஆபத்தும் உண்டு. குடிநீர் எடுக்கும் நீர்த்தேக்கத்தில் நாயை இறக்குவதற்குத் தடை இருக்கும்.

நன்னீரில் ஒரு பெரிய ஆபத்து நீலப்பச்சைப் பாசி. வெப்பமான நாட்களில், ஓடாத தண்ணீரில், பச்சைச் சாயத்தைக் கொட்டியதுபோல மேலே படர்ந்திருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தாலோ, உடம்பில் ஒட்டியதை நக்கினாலோ சில மணி நேரத்துக்குள் நாய் செத்துப்போகலாம். அப்படித் தெரிந்தால் கரைப்பக்கமே போக வேண்டாம். தெரியாமல் இறங்கிவிட்டால் நக்க விடாமல் நல்ல தண்ணீரில் கழுவி, அறிகுறி தெரியும்வரை காத்திராமல் நேராகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எந்த இடமும் அமையாவிட்டால் தடை இல்லாத மாதம்வரை காத்திருங்கள். கூட்டம் குறைந்த நாளில் நாயும் பயமில்லாமல் ஓடும்.

படி 5: கிளம்பும் நாள்

நல்ல தண்ணீரும் கிண்ணமும் கட்டாயம். தாகத்தில் கடல் நீரைக் குடிக்கும் நாய்க்கு முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதிகமாகக் குடித்துவிட்டால் நடுக்கம், வலிப்பு வரை போகும். பந்தைக் கவ்வும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பு நீரும் மணலும் உள்ளே போகின்றன. அதனால் இடையிடையே விளையாட்டை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். மணலில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். கரையில் ஒதுங்கிய மீன், சொறிமீன், தூண்டில் முள் எதையும் வாயில் வைக்க விடாதீர்கள். கழிவை மணலில் புதைக்காமல் பையில் எடுத்து வாருங்கள். புழு முட்டைகள் மண்ணுக்குள் நெடுநாள் உயிரோடு இருக்கும், குழந்தைகள் கைவைத்து விளையாடும் இடம் அது.

அங்கே போய்ச் சேர்ந்ததும் நுழைவாயில் பலகையை முழுதாகப் படியுங்கள். இணையத்தில் பார்த்ததும் பலகையில் இருப்பதும் வேறாக இருந்தால் பலகையில் உள்ளபடியே நடந்துகொள்ளுங்கள். திரும்ப வேண்டி வந்தால் நாயைக் காரில் பூட்டிவிட்டு "ஐந்தே நிமிடம்" என்று மணலுக்குப் போகாதீர்கள். மூடிய காருக்குள் வெப்பம் மளமளவென்று ஏறும். படி 4-இல் குறித்து வைத்த இடத்துக்கு வண்டியைத் திருப்புங்கள்.