தெருவுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் தவறுகள்

குடியிருப்புப் பகுதிகளில் ஏற்படும் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் அக்கறையின்மைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். குப்பையைத் தெருவில் வீசுபவரையும், வீடுகள் நெருங்கிய சாலையில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுபவரையும் திருத்துவது வேறு வேலை. அவர்கள் இத்தகைய கட்டுரையைப் படிக்கப்போவதும் இல்லை. தெருவின் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள், நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு செய்யும் தவறுகளைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். அக்கறையோடு செய்யப்படுவதாலேயே அவற்றை யாரும் தட்டிக் கேட்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அப்படியே தொடர்கின்றன.

இவற்றில் முதலிடம் தெருவாசிகள் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் வேகத்தடைக்கு. ஒரு விபத்து நடந்த மறுநாளே நாலு பேர் சேர்ந்து கல்லையும் சிமெண்டையும் கொட்டி, சாலையின் குறுக்கே செங்குத்தான ஒரு மேட்டை எழுப்பிவிடுகிறார்கள். பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் 1970-களில் சோதித்து வடிவமைக்கப்பட்ட வேகத்தடை, வண்டி செல்லும் திசையில் 3.7 மீட்டர் நீளமும், நடுவில் சுமார் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவாகும். ஒரு காரின் நான்கு சக்கரங்களும் ஒருசேர அதன் மேல் நிற்கும் அளவுக்கு அது நீளமானது என்பதால், வேகம் கூடக் கூட வண்டி முழுவதும் தூக்கி இறக்கப்படும். அந்த அசௌகரியமே ஓட்டுநரின் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகிறது. ஒரு சாண் அகலத்தில் எழுப்பப்பட்ட குறுகிய மேட்டில் நடப்பது இதற்கு நேர்மாறானது. மெதுவாக வருபவருக்கு இடுப்பு வரை அதிர்கிறது. வேகமாகப் பாய்ந்து வரும் வண்டியிலோ, சக்கரம் மேட்டைத் தொட்டு இறங்குவதற்குள் ஸ்பிரிங் அதிர்ச்சியின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதால், உள்ளே இருப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. ஒழுங்காக ஓட்டுபவரைத் தண்டித்து, வேகமாக ஓட்டுபவரை விட்டுவிடும் தடையால் யாருக்கு என்ன பயன்?

அதோடு, வெள்ளைக் கோடோ எச்சரிக்கைப் பலகையோ விளக்கோ இல்லாத அந்த மேட்டில் இரவு நேரத்தில் இருசக்கர வாகனம் ஏறினால், ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவதற்கு ஒரு கணம் போதும். ஆம்புலன்ஸில் முதுகெலும்பு முறிவோடு வரும் நோயாளிக்கு ஒவ்வொரு மேடும் ஒரு புதிய காயம். மழைநீர் ஓடும் வழி அடைபட்டு, மேட்டின் ஒரு பக்கம் குட்டையாகிவிடுவது தனிக் கதை. வேகத்தடை வேண்டுமென்றால் சாலையைப் பராமரிக்கும் துறையிடம் எழுத்துமூலம் கேட்டு, அளவும் அடையாளமும் உள்ளதாகப் பெறுவதுதான் முறை. ஒற்றைத் தடையால் பயனில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதைத் தாண்டிய அடுத்த நொடியே ஓட்டுநர்கள் இழந்த நேரத்தை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டுவார்கள். சீரான இடைவெளியில் தொடர்ச்சியாக அமைந்தால்தான் தெரு முழுவதும் வேகம் குறையும்.

வேகத்தைப் பற்றிய இன்னொரு தவறான எண்ணம், "நான் நாற்பது ஐம்பதில்தானே போகிறேன்" என்பது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டரைக் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 14 மீட்டர் தொலைவில் பந்தின் பின்னால் ஓடிவரும் குழந்தையின் மீது அந்த வண்டி ஏறத்தாழ முழு வேகத்திலேயே மோதும். அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால், உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்கோடு, குழந்தையைத் தொடுவதற்கு முன்பே நின்றிருக்கும். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் தெருக்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் வலியுறுத்தியது எவ்வளவு நியாயமானது என்பது இந்த எளிய கணக்கிலேயே தெரிகிறது.

பள்ளிக்கூட வாசலில் இந்தத் தவறு வேறு உருவத்தில் வருகிறது. சாலை ஆபத்தானது என்று அஞ்சி ஒவ்வொரு பெற்றோரும் பிள்ளையை வாசல்படி வரை வண்டியிலேயே கொண்டுவந்து இறக்க, அந்த வண்டிகளின் நெரிசலே நடந்துவரும் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்தாகிவிடுகிறது. இரண்டு வண்டிகளுக்கு இடையிலிருந்து வெளிப்படும் குழந்தை, பின்னோக்கி நகரும் மூன்றாவது வண்டியின் கண்ணாடியில் தெரிவதே இல்லை. சற்றுத் தொலைவில் வண்டியை நிறுத்தி, கையைப் பிடித்து நடத்தி வந்தால் இந்த நெரிசலில் பாதி இருக்காது.

சாலையைக் கடக்க நிற்பவருக்காக வண்டியை நிறுத்துவது நல்ல பழக்கம். ஆனால் கையை அசைத்து "போங்கள்" என்று சைகை காட்டுவது நல்லதல்ல. பக்கத்துத் தடத்தில் வருபவருக்கு, நின்றிருக்கும் வண்டி மறைப்பதால், கடப்பவர் தெரிவதில்லை. கடப்பவரோ சைகையை நம்பி மறுபக்கம் பார்க்காமலே நடந்துவிடுகிறார். வண்டியைச் சற்றுப் பின்னாலேயே நிறுத்தி, பார்த்துக் கடக்கும் முடிவை அவரிடமே விட்டுவிட வேண்டும். தெரு முனையில் வண்டி நிறுத்துவதும், வேலிச் செடியைத் தலைக்கு மேல் வளர விடுவதும் இதே மறைப்பைத்தான் உண்டாக்குகின்றன.

பள்ளத்தில் வீடு இடித்த கட்டடக் கழிவைக் கொட்டி நிரப்புவது இன்னொரு பொதுச்சேவை. தளர்வாகக் கிடக்கும் செங்கல் துண்டுகளை முதல் மழையும் சில லாரிகளும் சேர்ந்து சாலையெங்கும் இறைத்துவிடும். பள்ளம் பள்ளமாகவே இருக்க, சறுக்கிவிடும் கற்கள் கூடுதலாகச் சேர்கின்றன. பள்ளத்தில் மரக்கிளையை நட்டு வைப்பது பகலுக்குச் சரி, இரவில் அதுவே இன்னொரு இடையூறு. ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை ஒட்டிய தடுப்பை வைத்துவிட்டு, சீரமைக்கும் துறைக்குத் தகவல் சொல்வதோடு நிறுத்திக்கொள்வதே போதுமானது.

குப்பை விஷயத்தில் நல்லெண்ணத் தவறுகள் இன்னும் அதிகம். தெருவைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று காலையில் கூட்டி, குவித்து, தீ வைத்துவிடுபவர் எல்லாத் தெருவிலும் ஒருவராவது இருப்பார். சருகு மட்டும் எரிந்தாலே நுரையீரலின் அடி வரை செல்லும் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் வெளிப்படுகின்றன. அந்தக் குவியலில் பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் இருந்தால், திறந்தவெளியின் குறைந்த வெப்பத்தில் டையாக்ஸின் என்னும் நச்சுப்பொருள்கள் உருவாகின்றன. கண்ணுக்கு முன் கிடந்த குப்பை மூக்குக்குள் போய்விடுகிறது, அவ்வளவுதான். சருகை ஒரு மூலையில் குவித்து மட்கவிட்டால் செடிக்கு உரமாகும்.

தரம் பிரிக்கும்போது, மறுசுழற்சிக்குப் போனாலும் போகட்டும் என்ற நப்பாசையில் சந்தேகத்துக்குரிய எல்லாவற்றையும் மட்காத குப்பையில் போடுவது பொறுப்பான செயல் போலத் தோன்றும். எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டி, மீதி உணவு ஒட்டிய டப்பா, பயன்படுத்திய டிஷ்யூ தாள் ஆகியவை அதில் கலந்தால், பக்கத்தில் கிடக்கும் நல்ல காகிதமும் கெட்டுவிடுகிறது. தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக்கோடு பிவிசி சிறிதளவு கலந்துவிட்டாலும், உருக்கும்போது அது சிதைந்து அமிலத்தை வெளியிட்டு அந்தத் தொகுதியையே பழுப்பாக்கிவிடும். சந்தேகமாக இருந்தால், குப்பையைப் பெற்றுக்கொள்ளும் அமைப்பு எவற்றை ஏற்கிறது என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்; கேட்க முடியாதபோது அதை மறுசுழற்சிக் கூடையில் போடாமல் விடுவதே உதவி. வீட்டிலேயே உரம் தயாரிப்பவர்கள் செய்வதும் இதுபோன்ற ஒரு தவறுதான்: சமையலறைக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே போய், நாற்றம் தாங்காமல் ஒரே மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். ஈரக் கழிவு போடும் ஒவ்வொரு முறையும் சருகோ மரத்தூளோ கிழித்த அட்டையோ அதன் மேல் தாராளமாகப் போட்டு, அவ்வப்போது கிளறிக் காற்று படச் செய்தால் நாற்றம் வராது.

குப்பைப் பையை இறுகக் கட்டி அழகாக வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணமும் உண்டு. அந்தப் பையை வெறும் கையால் தூக்கப்போகிறவரை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். உடைந்த கண்ணாடித் தம்ளரின் சில்லு மெல்லிய பையைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்; மற்ற குப்பையின் ஈரத்தில் அது பளபளப்பதுகூடத் தெரியாது. கண்ணாடியைப் பல மடிப்புத் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே பெரிய எழுத்தில் "கண்ணாடி" என்று எழுதிக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகும். இன்சுலின் ஊசியைப் பயன்படுத்திய பிறகு மூடியை மீண்டும் மாட்டிக் குப்பையில் போடுவது பாதுகாப்பானதாகத் தோன்றினாலும், மாட்டும்போதே விரலில் குத்திக்கொள்பவர்கள் ஏராளம். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் ஊசியை அப்படியே போட்டு மூடிவைத்து, நிரம்பும்போது மருத்துவக் கழிவைப் பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். பழைய கைபேசியின் லித்தியம் பேட்டரியைச் சாதாரணக் குப்பையோடு அனுப்பினால், குப்பையை அழுத்தும் லாரிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கலாம். முனைகளை டேப்பால் ஒட்டி மின்னணுக் கழிவு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். பாதரசம் உள்ள குழல்விளக்கும் சிஎஃப்எல் விளக்கும் அங்கேயே போக வேண்டியவை.

எஞ்சிய சமையல் எண்ணெயை வெந்நீரும் சோப்பும் சேர்த்துத் தொட்டியில் ஊற்றினால் கரைந்து ஓடிவிடும் என்பது பலரின் நம்பிக்கை. ஓடுவது உண்மை; சில மீட்டர் தள்ளி, குழாய் குளிர்ந்த இடத்தில் படியத் தொடங்குவதும் உண்மை. 2017-இல் லண்டனின் வைட்சாப்பல் பகுதியில் சாக்கடைக்குள் கண்டுபிடிக்கப்பட்ட கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் இருந்தது. வீடுகளிலிருந்து வந்த எண்ணெயும் ஈரத் துடைப்புத்தாள்களும் சேர்ந்து இறுகியதுதான் அது.

கொசு என்றதும் எல்லோருடைய கண்ணும் சாக்கடைக்குப் போகிறது. புகை மருந்து அடிக்கச் சொல்லிக் கோரிக்கை எழுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரில்தான் வளர்கிறது. பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் டயர், மூடியில்லாத வாளி போன்றவையே அதற்குப் போதும். புகை மருந்து பறக்கும் கொசுவைக் கொல்லும். நீரிலுள்ள புழுவையும் முட்டையையும் ஒன்றும் செய்யாது, எனவே சில நாட்களில் புதிய தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும். தெரு ஓரத்தில் பிளீச்சிங் தூளை வெள்ளைக் கோடாகத் தூவுவதால் மனத்துக்கு ஆறுதல் கிடைக்கலாம், உலர்ந்த தரையில் கிடக்கும் தூளால் கொசுவுக்கு எந்தச் சேதமும் இல்லை. கவனமாக இருப்பவர்களும் தவறவிடும் ஒன்று உண்டு: நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. இந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் நீரில்லாமலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கின்றன. எனவே நார் கொண்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை முழுக்கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை இதைச் செய்வது அவசியம்.

உயிரோடு விளையாடும் நல்லெண்ணம் இரண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்தால், பதறிப்போய் அடுத்தவர் உடனே குதிப்பது முதலாவது. உள்ளே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டையைப் போல நாறும் என்றாலும், செறிவு கூடும்போது மூக்கு அந்த நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடுகிறது. நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குபவரும் சில மூச்சில் விழுந்துவிடுவார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறக்கும் செய்திகள் இப்படித்தான் உருவாகின்றன. வெளியே நின்று தீயணைப்புப் படையை அழைப்பதைத் தவிர வேறெதையும் செய்யக்கூடாது. அதைவிடவும், மனிதரை உள்ளே இறக்கும் ஏற்பாட்டுக்கு ஆரம்பத்திலேயே யாரும் சம்மதிக்கக் கூடாது. இரண்டாவது, விபத்தில் விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் புகட்டுவது. கழுத்து எலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்குதலே அவரை வாழ்நாள் முழுவதும் படுக்கையில் தள்ளிவிடலாம். அரைமயக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கலாம். தீயோ மற்றொரு வண்டியோ அச்சுறுத்தினாலன்றி, மூச்சு தடைபட்டாலன்றி, அவரை அசைக்காமல், இரத்தம் கசியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.

கடைசியாக, புகார் எழுதும் முறை. "எங்கள் பகுதியில் சாலை மிக மோசம், உடனே ஆவன செய்யவும்" என்று ஐம்பது பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, எந்தத் தெரு, எத்தனையாவது மின்கம்பத்துக்கு எதிரே, எத்தனை அடி அகலப் பள்ளம், எந்த நாளில் எடுத்த புகைப்படம் என்று குறிப்பிட்டு ஒருவர் அனுப்பும் புகாருக்கு வேலை விரைவில் நடக்கும், ஏனென்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பணியாளர் நேராக அந்த இடத்துக்கே போய்விட முடியும். சாலை, சாக்கடை, தெருவிளக்கு என்று ஐந்து குறைகளை ஒரே கடிதத்தில் அடுக்கினால் ஒவ்வொரு பிரிவும் அது அடுத்த பிரிவின் வேலை என்று ஒதுக்கிவிடும். குறைக்கு ஒரு கடிதமாக எழுதி, பதிவு எண்ணை வாங்கி, அடுத்தமுறை அந்த எண்ணைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும்.